அரை அங்குல வலை

பிப்ரவரி 4

வீட்டுக்காரிக்கு,

இது நானே எழுதும் கடிதம். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. சந்தேகம் இருந்தால் வரிகளைப் பார். கோடு போட்ட தாள்தான், ஆனாலும் என் எழுத்து ஒவ்வொரு வரியிலும் மாடிப்படி ஏறுகிறது. ஐம்பது வருடம் வெல்டிங் ராடு பிடித்த விரல். பேனா அதற்கு ஈர்க்குச்சி மாதிரி இருக்கிறது. இந்தக் கடிதத்துக்கு மூன்று சாயங்காலம் ஆனது.

முதலில் நலமா என்று கேட்க வேண்டும் என்று டீச்சர் சொன்னார். கேட்டுவிட்டேன். பிறகு அன்புள்ள என்று போட்டு உன் பெயரை எழுத வேண்டுமாம். நாற்பத்தாறு வருடத்தில் உன்னை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்தா" என்று கூப்பிட்டிருக்கிறேன். "ஏய்" என்று கூப்பிட்டிருக்கிறேன். அதையெல்லாம் கடிதத்தின் தலையில் போடக் கூடாது என்கிறார். யோசித்து யோசித்து, மற்றவர்களிடம் உன்னைப் பற்றி என்ன சொல்வேனோ அதையே எழுதிவிட்டேன்.

நூலகத்தின் மாடியில் முதியோர் வகுப்பு நடக்கிறது. ஒன்பது மாதமாகப் போகிறேன். பாதியில் நின்றுவிட்டால் அசிங்கம் என்று மகளிடம்கூடச் சொல்லவில்லை. இப்போது எல்லாவற்றையும் படிக்கிறேன். மருந்துப் பாட்டிலைப் படிக்கிறேன். சுவரைப் படிக்கிறேன். பஸ் ஸ்டாப்பில் நிழலுக்கு உட்காருவேனே ஒரு பெஞ்சு, அதன் மேலே ஒரு போர்டு இருக்கிறது. போன மாதம் அதையும் படித்தேன். "பெண்கள் மட்டும்" என்று இருக்கிறது. ஆறு வருடமாக அதில் உட்கார்ந்திருக்கிறேன். ஒருத்தராவது சொல்லக் கூடாதா?

விஷயத்துக்கு வருகிறேன். மகள் ஃபோனில் சொன்னாள். "அப்பா, அம்மாவோட குருவியெல்லாம் மார்ச் கடைசிக்குள்ள காலி பண்ணணுமாம். அசோசியேஷன்ல நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. அம்மா மூணு நாளா சரியா சாப்பிடல." உன்னிடம் ஃபோனைக் கொடுக்கச் சொன்னேன். நீ குளிக்கிறாய் என்றாள். நான் எப்போது கூப்பிட்டாலும் நீ குளித்துக்கொண்டுதான் இருக்கிறாய்.

அதனால் எழுதுகிறேன். நம் வீட்டின் பின்பக்கம் சும்மா கிடக்கிறது. பன்னிரண்டடி நீளம், ஆறடி அகலம், ஏழடி உயரத்தில் ஒரு கூண்டு கட்டித் தருகிறேன். ஆள் நின்றுகொண்டே உள்ளே போய் வரலாம். உன் குருவிகள் இங்கே இருக்கட்டும். என்ன வேண்டும் என்று எழுது. நான் படித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரர்


பிப்ரவரி 9

என்னங்க,

கடிதம் வந்தது. டீச்சரம்மாதான் எழுதியிருப்பார் என்று முதலில் நினைத்தேன். பெஞ்சு வந்த இடத்தில் நீங்கள்தான் என்று தெரிந்தது. மகள் வாங்கிப் படித்து அழுதாள். மாப்பிள்ளை படித்துச் சிரித்தார். நான் படித்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

குருவிகள் பத்தொன்பது. எதிர் ஃபிளாட்காரர்கள் வேலை மாற்றலாகிப் போகும்போது ஒரு ஜோடி ஃபின்ச் கொடுத்துவிட்டுப் போனார்கள். கட்டைவிரல் அளவுதான் இருக்கும், சிவப்பு மூக்கு. இரண்டு வருடத்தில் ஏழாம் மாடி பால்கனியே நிறைந்துவிட்டது. கீழ்வீட்டு அம்மாவுக்குத் தூசி, பக்கத்து ஃபிளாட்காரருக்குச் சத்தம். குருவி விற்கும் கடைக்காரன் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறேன் என்கிறான். ஜோடி ஜோடியாகத்தான் இருக்கின்றன, பிரிக்காமல் விற்பாயா என்று கேட்டேன். "அதெல்லாம் யாரும்மா பாக்குறாங்க" என்றான்.

ஆனால் உங்கள் கையால் கட்டும் கூண்டு என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பீர்கள் என்பதால் எழுதிவிடுகிறேன். இரண்டு தெரு தள்ளி ஒரு திருட்டு நடந்தது. நான் அக்கா வீட்டுக்குப் போய்விட்டுப் பத்து நாளில் திரும்பி வந்தால், எல்லா ஜன்னலுக்கும், முன் வராந்தாவுக்கும், பின் கதவுக்கும் கிரில். பூட்டு ஒன்று, சாவி ஒன்று, அதுவும் உங்கள் சட்டைப்பையில். ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. பிறகு அந்த நாள். அடுப்படித் துணி பற்றிக்கொண்டு வீடு முழுக்கப் புகை. வெளியே பூட்டிவிட்டுப் போயிருந்தீர்கள். நான் உள்ளே, சாவி உங்கள் பட்டறையில், மெஷின் சத்தத்தில் ஃபோன் உங்கள் காதில் விழவில்லை. நாலு மணி நேரம். வெளியே அத்தனை பேர் நின்று கடப்பாரை போட்டும் திறக்க முடியவில்லை. நீங்கள் வந்து திறந்தீர்கள். திறந்ததும் என்ன சொன்னீர்கள்? "பாத்தியா, கடப்பாரைக்கே அசையல!" சந்தோஷமாகச் சொன்னீர்கள்.

அடுத்த வாரம் மகள் வீட்டுக்கு வந்தவள்தான். நாலு வருடம் ஆகிறது.

இருந்தாலும் கடைக்காரனுக்கு நீங்கள் தேவலை. அரை அங்குல வலை போடுங்கள், அதற்கு மேல் கூடாது. கூரையில் பாதி மூடியிருக்க வேண்டும், பாதி திறந்திருக்க வேண்டும். மற்றதைப் பிறகு எழுதுகிறேன். குருவிகள் மட்டும்தான் வரும், நான் வரவில்லை. பிறகு சொல்லவில்லையே என்று சொல்லக் கூடாது.

இப்படிக்கு,
குளித்துக்கொண்டிருப்பவள்


பிப்ரவரி 20

வீட்டுக்காரிக்கு,

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். முதல் முறை எழுத்துக் கூட்டி, இரண்டாம் முறை வேகமாக, மூன்றாம் முறை சத்தமாக. நாலாவது முறை படித்தபோது பதில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அதனால் கூண்டு கட்டினேன்.

கட்டி முடித்துவிட்டேன்! ஒன்றரை அங்குல இரும்பு ஆங்கிள், மூலைக்கு மூலை கான்கிரீட். முன்பக்கத்தில் நம் பட்டறை பூ டிசைன்கூட வைத்தேன். யானை வந்து முதுகு சொறிந்தாலும் அசையாது. கிண்ணத்தில் தினை வைத்து, கதவைச் சாத்திவிட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்து என் வேலையை நானே ரசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு சிட்டுக்குருவி வந்தது. வலை வழியாக உள்ளே போனது. சாப்பிட்டது. வலை வழியாக வெளியே வந்தது. இன்னொன்றைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனது. இரண்டும் என்னைப் பார்த்தன.

மறைக்கவில்லை, சொல்லிவிடுகிறேன். நீ அரை அங்குலம் என்று எழுதியிருந்ததைச் சரியாகத்தான் படித்தேன். அரை அங்குல வலைக் கம்பி நூல் மாதிரி இருக்கும், திருடன் ஒரு இழு இழுத்தால் கையோடு வந்துவிடும் என்று நானே முடிவு செய்து ஒன்றேகால் அங்குல வலை, தடிக் கம்பியில் வாங்கினேன். உன் குருவி சிட்டுக்குருவியிலும் பாதிதான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. திருடன் வர முடியாது. குருவி போய்விடும்.

வலையைப் பிரித்துவிட்டேன். சட்டம் மட்டும் நிற்கிறது. இனிமேல் நீ சொல்கிறபடி செய்கிறேன். எல்லாவற்றையும் எழுது.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரர்


பிப்ரவரி 25

என்னங்க,

முன்பு சொன்னால் காதில் விழவில்லை என்பீர்கள். எழுதிக் கொடுத்தால் படிக்கத் தெரியாது என்பீர்கள். இப்போது படித்துவிட்டும் கேட்கவில்லை. உங்கள் படிப்பு நன்றாக முன்னேறுகிறது என்று டீச்சரம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

அந்த இரண்டு சிட்டுக்குருவிகளும் உங்களைப் பார்த்ததை நினைத்து ராத்திரிவரை சிரித்தேன். மகளுக்கு ஆச்சரியம். "என்னம்மா ஆச்சு உனக்கு?" என்றாள்.

சரி, கவனமாகப் படியுங்கள். திருடனை மறந்துவிடுங்கள். இந்தக் குருவியை எடுக்க எந்தத் திருடனும் வரமாட்டான். எலி வரும், பாம்பு வரும், பூனை வரும். வலையைத் தரைக்குக் கீழே ஒன்றரை அடி ஆழத்துக்குப் புதையுங்கள். எலி தோண்டித்தான் வரும். புது வலையில் துத்தநாகம் பூசியிருப்பார்கள், குருவி கொத்தினால் விஷம். வினிகரும் பிரஷும் வைத்துத் தேய்த்துக் கழுவி, மழையிலும் வெயிலிலும் ஒரு வாரம் போடுங்கள். கதவு ஒன்று போதாது. ஒரு கதவைத் திறந்து சின்ன அறை மாதிரி ஓர் இடத்தில் நின்று, அதைச் சாத்திய பிறகு உள்கதவைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் நுழைவதற்குள் அவை தலைக்கு மேலே போய்விடும். இரண்டு கதவும் தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும், உங்களுக்கு மறதி.

உட்கார இரும்புக் கம்பி வேண்டாம். மரக்கிளை வையுங்கள், ஒன்று மெல்லியது, ஒன்று தடித்தது. ஒரே கனமாக இருந்தால் காலில் புண் வரும். கூடுகளை எல்லாம் ஒரே உயரத்தில் கட்டுங்கள். ஒன்று மேலே இருந்தால் எல்லாவற்றுக்கும் அதுதான் வேண்டும். முக்கியமாகச் சிடுமூஞ்சிக்கு. அது ஒரு பெட்டை. தன் கூட்டில் இருந்துகொண்டே அடுத்த கூட்டுக்காரியின் புல்லை இழுக்கும். குண்டன் என்று ஒரு சேவல் இருக்கிறது. ஒரே பாட்டை எல்லாரிடமும் பாடிவிட்டு, யாரும் மதிக்காமல் கடைசியில் தண்ணீர்க் கிண்ணத்தைப் பார்த்துப் பாடும்.

தட்டையான மண் தட்டில் இரண்டு விரல் ஆழம் தண்ணீர் குளிப்பதற்கு. குளிக்காமல் இருக்காது. (நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரியும். எழுத வேண்டாம்.)

மார்ச் 29 அன்று மாப்பிள்ளை நண்பரின் வேனில் கொண்டுவந்து விடுவார்.

இப்படிக்கு,
குருவிக்காரி


மார்ச் 6

குருவிக்காரிக்கு,

வலையைத் தேய்த்து முடித்தேன். நாலு நாள் ஆனது. வகுப்பில் என் பக்கத்தில் உட்காருபவர் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். ஊறுகாய் ஜாடி மாதிரி மணக்கிறேனாம். இப்போது வலை மொட்டை மாடியில் காய்கிறது.

ஒன்றரை அடிப் பள்ளம் சுற்றிலும் தோண்டிவிட்டேன். உள்ளே முன்பாதியில் மணல், பின்பாதியில் புல் விதை தூவியிருக்கிறேன். ஆஸ்பத்திரி மதிலோரம் மரம் வெட்டினார்கள். நான் கிளைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது வாட்ச்மேன், "அடுப்புக்கா பெரியவரே?" என்றார். "இல்ல, உக்கார்றதுக்கு" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இரண்டாவது கதவுக்கும் அந்தச் சின்ன அறைக்கும் ஆங்கிள் போதவில்லை. புதிதாக வாங்குவானேன் என்று அடுப்படி ஜன்னல் கிரில்லை அறுத்தேன். அதுவும் போதாமல் பின் கதவு கிரில்லையும் எடுத்தேன். நல்ல இரும்பு, துருகூட ஏறவில்லை. அடுப்படியில் காற்று வருகிறது. காலண்டர் நாள் முழுக்கப் படபடவென்று அடிக்கிறது. அதன் அடியில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டேன்.

கூடுகளை எந்தப் பக்கம் பார்த்துக் கட்ட வேண்டும்? எழுது.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரர்


மார்ச் 10

என்னங்க,

கூடு காற்றுக்கு முதுகு காட்டியிருக்க வேண்டும்.

எந்த ஜன்னல் என்று சரியாக எழுதுங்கள். அடுப்படியில் இரண்டு இருக்கின்றன. தொட்டிக்கு மேலே இருப்பதா, அடுப்புக்குப் பக்கத்தில் இருப்பதா? பின் கதவு முழுவதுமா? இப்போது அது உள்ளேயிருந்து திறக்கிறதா?

இதற்கு மட்டும் உடனே பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
நான்


மார்ச் 14

உனக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. அது வந்து சேர்ந்த விதத்தை எழுத வேண்டும். நீ சிரிப்பாய், பரவாயில்லை.

நேற்றுக் காலை பத்து மணிக்குக் கூண்டு எல்லாம் முடிந்துவிட்டது. வலை இறுக்கமாக இருக்கிறது. இரண்டு கதவுக்கும் ஸ்பிரிங் வைத்து, தானாக விழும் தாழ்ப்பாளும் வைத்தேன். சோதித்துப் பார்க்க உள்ளே போனேன். வெளிக்கதவு பின்னால் டக் என்றது. உள்கதவைத் தாண்டினேன், அதுவும் டக் என்றது. என்ன அழகான சத்தம் என்று நினைத்தேன். கிளையெல்லாம் ஆட்டிப் பார்த்துவிட்டு வெளியே வரலாம் என்று திரும்பினால், தாழ்ப்பாள் வெளியே மட்டும்தான் இருக்கிறது.

ஐம்பது வருடம் அப்படித்தானே செய்து பழக்கம். கூண்டென்றால் தாழ்ப்பாள் வெளியே. உள்ளே இருப்பவருக்கும் ஒன்று வேண்டும் என்று கை யோசிக்கவில்லை.

முதலில் சிரித்தேன். பிறகு விரலை விட்டுத் தாழ்ப்பாளைத் தூக்கப் பார்த்தேன். அரை அங்குலத்தில் என் சுண்டுவிரல்கூட நுழையவில்லை. உதைத்துப் பார்த்தேன். நானே கட்டியது, அசையுமா? கட்டர், ஃபோன், கண்ணாடி எல்லாம் வெளியே நாற்காலியில் இருந்தன. மூன்றடி தூரம்தான். பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டேன். அவர் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார் என்பது தொண்டை வறண்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. குருவிகள் குளிக்க வைத்திருந்த தண்ணீரைக் குடித்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. எனக்கு நோய் ஒன்றும் இல்லை. மேலே வானம் தெரிகிறது, காற்று வருகிறது, தீ இல்லை, புகை இல்லை. ஆனாலும் அடித்துக்கொண்டது. யாரும் வராவிட்டால் என்று ஒரு முறை நினைத்தேன். பிறகு அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணிக்குத் தபால்காரர் வந்தார். நான் உள்ளே கிடந்த வாளியைத் தட்டுவது கேட்டு சந்து வழியாகப் பின்பக்கம் வந்தார். என்னைப் பார்த்தார்.

"பெரியவரே, இது என்ன வகைக் குருவி? மீசையெல்லாம் இருக்கே!"

"தொறப்பா முதல்ல."

"பாடுமா?"

"டேய், தொறடா!"

"டேய்னா தொறக்க மாட்டேன். தினை வேணா போடுறேன்."

பிறகு என் முகத்தைச் சரியாகப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. சட்டென்று திறந்துவிட்டார். நான் வெளியே வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கூண்டை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "செம ஸ்ட்ராங்கா கட்டியிருக்கீங்க! கொஞ்சம்கூட அசையல!" என்றார்.

அந்த ஆளை அடித்துவிடலாம் போல இருந்தது. நல்ல மனுஷன், பாராட்டித்தான் சொன்னார். உன் கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அதைப் படித்தேன்.

நீ கேட்டதற்குப் பதில். தொட்டிக்கு மேலே இருக்கும் ஜன்னல் கிரில்லைத்தான் முதலில் எடுத்திருந்தேன். அடுப்புப் பக்கத்து ஜன்னலில் இருந்ததை நேற்று மாலை எடுத்தேன். இன்று காலை படுக்கையறை, குளியலறை, முன் வராந்தா கிரில் எல்லாவற்றையும் எடுத்தேன். பின் கதவுக்கு உள்பக்கம் ஒரு கொக்கி மட்டும் இருக்கிறது. ஒரு விரலால் தூக்கலாம். அறுத்த இரும்பெல்லாம் சுவரோரம் சாய்ந்து கிடக்கிறது. கூண்டுக்கு இனி இரும்பு வேண்டாம். சும்மாதான் எடுத்தேன். கூண்டுத் தாழ்ப்பாளையும் மாற்றிவிட்டேன். இரண்டு பக்கமும் திறக்கும்.

அன்றைக்கு நான் கதவைத் திறந்ததும் கடப்பாரையைப் பற்றிப் பேசியிருக்கக் கூடாது. "பயந்துட்டியா" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தெரியவில்லை. என் வேலையைத்தான் பார்த்தேன், உன்னைப் பார்க்கவில்லை. இப்போது கேட்கிறேன். பயந்துவிட்டாயா?

தப்பு என்னுடையது. டீச்சரிடம் காட்டாமல் இதை அனுப்புகிறேன், பிழை இருந்தால் இருக்கட்டும்.

நான்


மார்ச் 19

என்னங்க,

பயந்தேன்.

துணியை நனைத்து முகத்தில் வைத்துக்கொண்டு குளியலறைத் தரையில் படுத்திருந்தேன். பக்கத்து வீட்டம்மா வெளியேயிருந்து, "அக்கா, இருக்கீங்களா? அக்கா, இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பதில் சொல்ல மூச்சு இல்லை. எழுந்து ஜன்னல் வழியாகக் கையை நீட்டினேன். மணிக்கட்டுக்கு மேல் கம்பி விடவில்லை. அவள் என் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். நீங்கள் வரும்வரை அந்த வெயிலில் விடாமல் நின்றாள். இதை மகளிடம்கூடச் சொன்னதில்லை. யாரும் கேட்கவில்லை. நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன்.

எழுதிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். இப்போது கொஞ்சம் லேசாக இருக்கிறது.

மீசை வைத்த குருவியை மாப்பிள்ளைக்கு இரண்டு முறை படித்துக் காட்ட வேண்டியதாயிற்று. உங்களுக்கு வயது எழுபத்து மூன்று. இனிமேல் ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போங்கள்.

மார்ச் 29 காலையில் புறப்படுகிறோம். வேன் குலுங்கினால் குருவிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து பதறும். யாராவது பின்னால் உட்கார்ந்து பெட்டிகளைத் துணி போட்டு மூடிப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். மாப்பிள்ளைக்கு அது தெரியாது. அதனால் நான் வருகிறேன். புது இடம் பழகப் பத்து நாளாவது ஆகும். அதுவரை இருப்பேன், அவ்வளவுதான்.

வாசலில் நின்றுகொண்டு ஏதாவது பேச வேண்டும் என்று யோசித்து வைக்காதீர்கள். முதலில் பெட்டிகளை இறக்க வேண்டும்.

இப்படிக்கு,
நான்தான்


ஏப்ரல் 13

உனக்கு,

நீ பஸ் ஏறி ஐந்து நாள் ஆகிறது. பத்து நாள் என்று சொன்ன மாதிரியே பத்தாம் நாள் கிளம்பிவிட்டாய். இரு என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் அது இன்னொரு பூட்டு மாதிரி ஆகிவிடுமோ என்று சும்மா பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லாமலும் விடலாம், உனக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் சொல்கிறேன்.

நேற்றுக் காலையில் குருவிகள் கத்தவில்லை. எல்லாம் உடம்பை உப்பிக்கொண்டு கிளையில் உட்கார்ந்திருந்தன. குண்டன் பாடவில்லை. சிடுமூஞ்சி யாருடைய புல்லையும் இழுக்கவில்லை. நோயா, வினிகர் போதவில்லையா, எலி ஏதாவது பயமுறுத்தியதா? தினைக் கிண்ணத்தைப் பார்த்தேன், நிறைய இருந்தது. அதற்கு முந்தைய நாளும் நிறையத்தான் இருந்தது, அதனால் புதிதாகப் போடவில்லை.

அப்போதுதான் நீ எழுதி உள்கதவில் ஒட்டிவிட்டுப் போன தாளை எடுத்துப் படித்தேன். தினமும் படித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். முதல் நாள் படித்தேன், பிறகு தெரியும் என்று விட்டுவிட்டேன். ஆறாவது வரி: "தினையை உரித்துத் தின்றுவிட்டு உமியை அங்கேயே போடும். கிண்ணம் நிறைந்த மாதிரி தெரியும். காலையும் மாலையும் ஊதிப் பாருங்கள்." ஊதினேன். எல்லாம் பறந்துபோனது. அடியில் நாலு மணிகூட இல்லை.

உட்கார்ந்து அழுதுவிட்டேன், தினையைப் போட்ட பிறகு. அவை இறங்கி வந்து தின்றன. நான் உள்ளே இருப்பதைக்கூடச் சட்டை செய்யவில்லை. ஒன்று என் செருப்பின் மேல் நின்று தின்றது. மணலில் சிந்திக் கிடந்ததைப் பொறுக்கித்தான் ஒன்றரை நாளை ஓட்டியிருக்கின்றன. மத்தியானம் குண்டன் தண்ணீர்க் கிண்ணத்தைப் பார்த்துப் பாட ஆரம்பித்தான். அப்போதுதான் நான் சாப்பிட்டேன். சாயங்காலம் மூன்று முறை எண்ணினேன். பத்தொன்பதும் இருக்கின்றன.

இனித் தாளைத் தினமும் படிக்கிறேன், முதல் வரியிலிருந்து.

நான்


ஏப்ரல் 17

என்னங்க,

பத்தொன்பதும் இருக்கின்றன என்பதை முதல் வரியில் எழுதக் கூடாதா? கடைசிவரை மூச்சை அடக்கிக்கொண்டு படித்தேன். படித்து முடித்ததும் உங்களைச் சத்தமாகத் திட்டினேன். மகள் ஓடிவந்து, "என்னம்மா, ஃபோன்ல அப்பாவா?" என்றாள். "இல்லடி, லெட்டர்ல" என்றேன்.

ஒரு தடவை எனக்கும் அப்படி ஆயிருக்கிறது. முதல் ஜோடி வந்த புதிதில் கிண்ணம் நிறைய இருக்கிறதே என்று ஏமாந்தேன். அதனால்தான் ஆறாவது வரி. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் சொல்லிவிட்டீர்கள். கிண்ணம் நிறைய இருந்தது என்று ஒரு வரி எழுதியிருந்தால் நானும் நம்பியிருப்பேன்.

இந்த எட்டொன்பது நாளும் காலையில் எழுந்து பால்கனிக்குப் போய்விடுகிறேன். வெறும் ஆணிகள்தான் இருக்கின்றன. ஏழாம் மாடியில் நின்றுகொண்டு, அங்கே இந்நேரம் வெயில் எந்தக் கிளைக்கு வந்திருக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். மகள் கவனித்திருக்கிறாள். நேற்று, "அம்மா, உன்ன யாரும் போகச் சொல்லல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இருக்கவும் சொல்லல" என்றாள். கெட்டிக்காரி.

ஞாயிற்றுக்கிழமை அந்த வேன் உங்கள் பக்கம் காலியாக வருகிறதாம். என் துணிமணிகளையும் தையல் மெஷினையும் ஏற்றச் சொல்லிவிட்டேன். மெஷினை அடுப்படிக்கு அடுத்த அறையில், ஜன்னலை ஒட்டிப் போட வேண்டும். அங்கே நீங்கள் அடுக்கி வைத்திருக்கும் பெயின்ட் டப்பாக்களை எங்கே வைப்பது என்று என்னைக் கேட்க வேண்டாம், உங்கள் இஷ்டம். மெஷின் கனமானது. தனியாகத் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள், ஒரு கை நான் பிடிக்கிறேன்.

சிடுமூஞ்சி முட்டை வைத்திருந்தால் கூட்டுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி